முதுகுக்குப் பின்னால் வந்த வண்டி

திருவொற்றியூர் குப்பம்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் நர்மதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. நீ அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்று எல்லையம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் நைனா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே அதட்டுகிறார். இந்த ஒரு ரூம் வீட்டில் நான் எங்கே போய் ரகசியம் பேசுவது? ராயபுரம் பாஸ்கல் அண்ணன் மகன் ஜோபின் லீவு முடிந்து நாளைக்கு உன் ஊருக்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதை வைக்கிறேன். நெத்திலியும் வாளையும் தனித்தனியாகக் கட்டி மூன்று கவர் போட்டிருக்கிறேன். ஏரோப்ளேனில் நாறினால் கருவாடு யாரோ நான் யாரோ என்று சொல்லிவிடுவேன் என்கிறான் அவன். நீ பிரித்ததும் முதலில் இதைப் படி, வறுப்பது அப்புறம் இருக்கட்டும்.

உன் நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எதிர்வீட்டு ஷம்ஷாத் மகளுக்கு நிச்சயம் முடிந்தது, உனக்கு ஒரு தட்டு பிரியாணி பாக்கி என்று எழுதச் சொன்னாள். மழை இன்னும் வரவே இல்லை, அதற்குள் சடையங்குப்பத்தில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே ஊர்க்கதை எழுதிக்கொண்டு போனால் எதையோ மறைக்கிறேன் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுப் படி. உன் கெங்கம்மா பெரியம்மாவின் கால் மேல் நம்முடைய வண்டி ஏறிவிட்டது. ஓட்டியது உன் நைனாதான். அமாவாசை வருகிற ஞாயிற்றுக்கிழமை, இது நடந்தது பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் விடியற்காலை, காசிமேட்டில், மீன் ஏலம் நடக்கும் இடத்தில். உயிருக்கு ஒன்றும் இல்லை. கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆபரேஷன் செய்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிற உடம்பு, புண் ஆறுமா, விரலை எடுக்க வேண்டி வருமா என்று முதல் வாரம் டாக்டர் சொல்லாமல் இழுத்தடித்தார், இப்போது விரல் தப்பித்தது, ஆனால் மூன்று மாதம் தரையில் குந்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். போன ஞாயிறு வண்டியைக் காட்டு என்று நீ வீடியோவில் கேட்டபோது உன் நைனா முன்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு போனை என் கையில் திணித்தாரே, அது இதனால்தான்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, புடவையெல்லாம் ரத்தமாக இருந்ததைப் பார்த்து, நார்வேயில் உட்கார்ந்துகொண்டு இந்த வம்பை வீட்டுக்குள் இழுத்துவிட்டாளே பாவி என்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னைத்தான் கத்தினேன். அந்த வலியிலும் அக்கா என் கையைக் கிள்ளி, ‘கொயந்தைய ஏண்டி இதுல இயுக்கிற’ என்றாள். நான் மீன் கூடை தூக்கிய காலத்தில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஏலம் கேட்டவள் இல்லையா, உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். அதற்குப் பிறகு என் கோபம் போய்விட்டது, போகாத மிச்சம் ஏதாவது இந்தக் கடுதாசியில் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்.

பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு கரண்டில் ஓடுகிற மாதிரி மாற்றலாம் என்று நீ சொன்ன அன்றைக்கே நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? பழைய ஆம்னி வண்டி, வாங்கியதே ஒன்றரை லட்சத்துக்கு, அதை மாற்ற நாலு லட்சத்துச் சொச்சமா, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்றேன். நீ சிரித்தாய். பெட்ரோலில் மிச்சமாவது மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்றாய். அதுவும் இல்லாமல், நைனா வண்டியில் மீன் ஏற்றுகிற அந்த ஐந்து பெண்களும் தினமும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து புகையைக் குடிக்கிறார்களே அம்மா, அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லையே என்றாய். நானும் அந்தப் புகையைக் குடித்தவள்தான். நீயும் ஒன்றில் கூட குறை வைக்கவில்லை, அரசாங்க அனுமதி வாங்கிய கம்பெனியாகப் பார்த்துத்தான் கொடுக்க வைத்தாய், ஆர்.சி. புத்தகத்தில் மாற்றி எழுதி வாங்கினாய், இன்சூரன்ஸையும் விடவில்லை. பச்சை நம்பர் பலகை வைத்துக்கொண்டு வண்டி குப்பத்துக்குள் நுழைந்த அன்று உன் நைனா மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி உட்கார்ந்திருந்தார். பச்சக்கிளி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மணலி புதுநகர் வரைக்கும் ஐந்து பேரையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தால் முன்பு பெட்ரோல் பங்கில் பாதிக் காசு போகும், இப்போது வீட்டுப் பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்குகிறார். நான் கூட என் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் நீயும் யோசிக்கவில்லை, அந்தக் கம்பெனிக்காரனும் யோசிக்கவில்லை, ஏன், அங்கே பத்து வருஷம் உட்கார்ந்த எனக்கே தோன்றவில்லை. நம் வரிசையில் ஏலம் எப்படி நடக்கும்? வாங்க நினைப்பவள் விலைக் கேள்வி கேட்கும்போது வேறு யாரும் மூச்சு விடக்கூடாது. ஏலக்காரர் விலையைச் சொல்லிக்கொண்டே போவார், எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் அது கேள்விதான், இருமினாலும் கேள்வி, ஹாரன் அடித்தாலும் கேள்வி, சத்தம் போட்டவன் தலையில் அந்தக் கூடையைக் கட்டிவிடுவார்கள். பெண்கள் ஏலக்காரர் கண்ணைப் பார்த்தபடி வரிசையாகக் குந்தியிருப்பார்கள், வண்டிகள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டி நிற்கும், எடுத்த கூடையைத் தோளுக்கு மேலேயே தூக்கி வண்டிக்குள் கொடுத்துவிடலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் கூடை கை மாறிவிடும். உன் நைனாவின் எஞ்சின் உறுமல் கிட்டே வந்தால் நீட்டிய காலை இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த உறுமலை மட்டும் யாரும் சத்தம் என்று கணக்கில் எடுத்ததே இல்லை.

புது மோட்டாரில் அந்த உறுமல் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்துகிற ஒன்றை கம்பெனியில் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் காலையில் அது கத்தியது. ஏலக்காரர் உன் நைனா பக்கம் கையை நீட்டி, ‘சுப்புராயா, எடுத்துக்கோ’ என்றார். ஒரு கூடை மலிவான காரப்பொடி மீன் வஞ்சிர விலைக்கு நம் தலையில் விழுந்தது, இரண்டு நாள் நம் வீட்டிலும் ஷம்ஷாத் வீட்டிலும் காரப்பொடிக் குழம்புதான். வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. ‘இன்னாடா இது, கோயிக்குஞ்சு கணக்கா கத்திக்கினு கீது, அந்த ஒயரப் புடுங்கிப் போடு’ என்று கத்தினார்கள், உன் நைனாவும் அன்றைக்கே ஒயரைப் பிடுங்கிவிட்டார். அடுத்த நாளிலிருந்து வண்டி பூனை மாதிரி வந்தது. ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஆகாததாலேயே எல்லோருக்கும் பயம் விட்டுப்போயிற்று. அன்று வஞ்சிரத்துக்குக் கேள்வி சூடாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அக்காவுக்கு முட்டி வலி, ஒரு காலைப் பின்னால் மடித்து நீட்டியிருந்திருக்கிறாள். கண்ணாடியில் கூடை தெரிந்தது, கால் தெரியவில்லை என்கிறார் உன் நைனா. அக்கா போட்ட அலறலைக் கேட்டு ஏலக்காரர் கேள்வி என்று நினைத்து விலையைச் சொல்லி ‘கெங்கம்மாவுக்கு’ என்று கூடையைத் தள்ளிவிட்டாராம்.

வெற்றியை உனக்குத் தெரியும், அக்காவுக்கு இருக்கிற ஒரே பிள்ளை, நேற்று வரை உன் நைனாவை வாய் நிறையச் சித்தப்பா என்று கூப்பிட்டவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வாசலுக்கு வந்து, ‘இன்னாய்யா சுப்புராயா’ என்றுதான் ஆரம்பித்தான். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, ‘பெட்ரோல் இல்லாம ஓடுதா உன் வண்டி, இரு, நான் ஊத்துறேன் பெட்ரோல், எப்படி எரியுதுன்னு பாரு’ என்றான். உன் நைனா எழுந்து போய் வண்டிச் சாவியை அவன் கையில் வைத்தார். அவன் அதைச் சாக்கடையில் விட்டெறிந்துவிட்டுப் போனான், நான்தான் குச்சி போட்டுத் தேடி எடுத்துக் கழுவி வைத்தேன். போலீஸில் எழுதிக்கொடுக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் இடத்தில் நீ இருந்தாலும் அப்படித்தான் குதித்திருப்பாய். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நாங்கள்தான் பார்க்கிறோம், அது அவன் கோபத்துக்கு மருந்து இல்லை. ஆனால் அன்றிலிருந்து வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, நான் சமைத்துக்கொண்டே ஒரு கண்ணை வாசலில் வைத்திருக்கிறேன், யாராவது கேனோடு போனால் கரண்டியோடு வாசலுக்கு ஓடுகிறேன். மற்ற நாலு பெண்களும் ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், மீன் நாற்றம் என்று பாதிப் பேர் நிறுத்துவதில்லை.

உன் நைனா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். எனக்குத் தெரியாமல் நசீர் கடைக்குப் போயிருக்கிறார். மெக்கானிக் நசீரின் கொட்டகையில்தான் பழைய எஞ்சின் தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கிறது, அதை எடுத்துத் திரும்ப மாட்டு என்று கேட்டிருக்கிறார். மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, டாங்க், சைலன்சர் எல்லாம் வாங்க வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டும், போட்ட நாலு லட்சமும் தண்ணீரில் போட்ட மாதிரி, ‘ஆத்தரத்துல எதையும் செய்யாத மாமு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் அவன். நசீரே வந்து என்னிடம் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். உன் நைனாவிடம் கேட்டதற்கு, ‘சத்தம் வோணும்டி, சத்தம் இருந்தா கெங்கம்மா கால இஸ்துக்கினு இருப்பா’ என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார் நர்மதா. உன்னை வழியனுப்பிய நாளில் கூட ஏர்போர்ட்டில் வேர்வை என்று துடைத்துக்கொண்ட மனுஷன், அன்று துடைக்கக்கூட இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அக்காவின் இடம். அது அவள் மாமியார் உட்கார்ந்து, அதற்குப் பின் இவள் முப்பது வருஷம் உட்கார்ந்த இடம், ஏலக்காரருக்கு நேர் எதிரே முதல் ஆள். இடம் காலியாகக் கிடந்து ஒரு அமாவாசை தாண்டிவிட்டால் அது அடுத்த ஆளுக்கு என்பது உனக்கே தெரியும், அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. மகளும் இல்லை மருமகளும் இல்லை, வெற்றி போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார முடியாது. நான் போய் உட்கார்ந்து இடத்தைக் காப்பாற்றலாம் என்று எனக்கு முதல் நாளே தோன்றியது. புருஷன் காலை உடைத்தான், பொண்டாட்டி இடத்தைப் பிடித்தாள் என்று குழாயடியில் ஒருத்தி என் காது படவே சொன்னாள், அதோடு அந்தப் பேச்சையே விட்டேன். கால் போனால் கட்டு போடலாம், இடம் போனால் அக்கா என்ன செய்வாள், தெருத்தெருவாகக் கூடை தூக்குகிற வயசா அது?

இன்றைக்குச் சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பஞ்சாயத்து. வெற்றி கூட்டச் சொல்லியிருக்கிறான். பஞ்சாயத்து சொல்வதைக் கேட்டுவிட்டு போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வானாம். உன் நைனா மத்தியானமே குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், பெண் பார்க்க வந்த மாதிரி என்று கேலி செய்து பார்த்தேன், சிரிக்கவில்லை. மேளச் சத்தம் கேட்கிறது, கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

விளக்கு வைத்தாயிற்று. இப்போதுதான் வந்தோம், ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு உட்கார்கிறேன், அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் சரிசெய்து படித்துக்கொள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தலைவர் ஆரம்பத்திலேயே, இந்த ஊமை வண்டி இனிமேல் ஏலத்துக்குள் வரக்கூடாது, அதைத்தான் முதலில் பேச வேண்டும் என்றார். உன் நைனா எழுந்து நின்று, ‘நானே அத்த வெச்சிக்கப் போறதில்ல, மாசம் முடியறதுக்குள்ள பழைய எஞ்சின மாட்டிட்றேன், பொண்ணு குடுத்த துட்டு பூட்ச்சின்னு நெனச்சிக்கிறேன்’ என்றார். நாலு பேர் சரி சரி என்று தலையாட்டினார்கள். வெற்றி மட்டும் ‘எஞ்சின மாத்துனா எங்கம்மா எயுந்து நடக்குமா’ என்று கத்திக்கொண்டே இருந்தான். நியாயமான கேள்விதான். ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளுகிற அளவுக்குப் போய்விட்டது. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் அக்கா, கட்டுப்போட்ட காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, தலையில் பூ வேறு வைத்துக்கொண்டு.

அவள் இறங்கவில்லை, ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பேசினாள். ‘அந்தப் பீப் பீப் ஒயரப் புடுங்கச் சொல்லி மொதல்ல கத்துனது நாந்தான். அத்த மறச்சி சுப்புராயன் ஒருத்தன் மேல மட்டும் பழியப் போட்டா என் நாக்கு அயுகிப் பூடும்’ என்றாள். வெற்றியைப் பார்த்து, ‘முப்பது வருசமா அந்த எஞ்சின் புகையக் குடிச்சிக்கினு குந்துனு இருந்தேன், இந்த ஒரு மாசந்தான் ஒயுங்கா மூச்சு வுட்டேன். கால ஒடச்சது பத்தாதுன்னு மறுபடியும் புகையையும் குடிக்கச் சொல்றியா’ என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தலைவர், சரிம்மா, அப்போது என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றார். அக்கா உன் நைனாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ‘என் காலு என் கூடப் போவட்டும், என் எடம் போவக்கூடாது. நாளைலேருந்து நர்மதா அம்மா என் எடத்துல குந்தட்டும், வர்ற லாபம் எனக்கு. முதுகு வண்டிக்கு. அவ திரும்பிப் பாக்கக்கூடாது, பாத்தா கூடை பூடும். இவன் சத்தம் போடக்கூடாது, போட்டா கேள்வி ஆயிடும். அதே வண்டி, அதே எடம். எப்படிப் பின்னால எடுக்குறான்னு நான் பாக்குறேன்’ என்றாள். மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் என்று கூட்டத்தில் யாரோ இழுத்தார்கள். ‘ஆச்சின்னா அவன் பொண்டாட்டி, அவன் வூடு, அவன் பேஜாரு’ என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரனைக் கிளம்பு என்றாள். அவ்வளவுதான் தீர்ப்பு. தலைவர் தலையாட்டினார், வெற்றியும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான், போலீஸ் பேச்சை எடுக்கவில்லை.

வரும் வழியெல்லாம் உன் நைனா, ‘நீ குந்தாத, நான் வண்டியே ஓட்டல, பேஜாரே வோணாம்’ என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன். நீ ஓட்டாவிட்டால் ஐந்து பேர் மீன் நாறிப்போகும், நான் குந்தாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் இடத்தில் வேறு ஒருத்தி குந்துவாள், முக்காடு போட்டுக்கொண்டு படுத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைக் கழுவினார், பிடுங்கிப்போட்ட சார்ஜ் பிளக்கை எடுத்து இத்தனை நாளைக்குப் பிறகு மாட்டினார். கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறியதும் ஏலத்தில் நான் குந்துகிற பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டார், அதன் மேல் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்தார், அது நான் குந்தினால் என் தலை வருகிற உயரம். இப்போது அதை நோக்கிப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன், வண்டி எங்கே வருகிறது என்று காதால் தெரியவில்லை, எழுந்து எழுந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதோ, இப்போது குடம் உருண்ட சத்தம் கேட்டது. ஷம்ஷாத் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர் இறங்கி வந்து குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் முன்னால் குந்தி, அந்தக் குடம் எதைப் பார்க்குமோ அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சரி, மறுபடியும் ஏறிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது நர்மதா. உன் நைனா மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனால் அக்காவுக்கும் நம்பிக்கை இருந்தது. இனிமேல் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, யார் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறப்போகிறேன் என்கிறார். நல்ல யோசனைதான், இத்தனை வருஷம் செய்யாததை அவர் உடம்பு ஒரே நாளில் கற்றுக்கொள்ள வேண்டும். கேமரா வாங்கி அனுப்புகிறேன் என்று நீ கிளம்புவாய், அனுப்பு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மீன் செதில் ஒட்டாமல் அதைத் தினமும் துடைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நாளைக் காலைக்கு அது வராது. நீ வேலைக்குப் போனதும் கூடையைக் கீழே வை அம்மா என்று சொன்னாய், வைத்தேன், அதற்காக உன்னை எத்தனை நாள் வாழ்த்தியிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கூடையைப் பரணிலிருந்து இறக்கித் தட்டி வைத்திருக்கிறேன். கையில் எடுத்தவுடன் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நாளைக்கு வஞ்சிரம் வந்தால் விட மாட்டேன், அக்காவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு காரப்பொடி எடுத்துக்கொண்டு வந்தால் அவள் என்னை உயிரோடு விட மாட்டாள்.

உனக்குச் சொல்வது இரண்டு. ஒன்று, எல்லாம் என்னால்தான் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அழாதே, நீ நல்லதற்குத்தான் செய்தாய், அக்காவே ஊர் நடுவில் சொல்லிவிட்டாள். இரண்டு, அவளுக்குப் பணம் அனுப்பாதே. அனுப்பினால் வெற்றி என் முகத்தில் எறிவான், எறிய வேண்டியதுதான். போன் போட்டுப் பேசு, ஒயரைப் பற்றி அவளே திட்டித் தீர்ப்பாள், கேட்டுக்கொள். உன் நைனாவிடம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும், சொல்லும்போது குறுக்கே பேசாதே.

ஜோபின் வந்து வாசலில் நிற்கிறான், பொட்டலத்தைக் கட்ட வேண்டும். நீ இதைப் பிரிக்கிற நேரத்தில் நான் உட்கார்ந்து எழுந்திருப்பேன். எல்லையம்மன் உனக்கு முன்னாலும் பின்னாலும் காவல் நிற்கட்டும், உன் வேலை நன்றாக ஓங்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் கண்ணு. கடைசியாக ஒன்று மறக்காதே. உங்கள் ஊரில் எல்லா வண்டியும் இப்படிச் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். ரோட்டைக் கடக்கும்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போகாதே, நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக் கட. நாளைக் காலையில் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், நீ எனக்கும் சேர்த்துப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா